அடைத்த திசை

யாருமில்லாத கடலுக்குள் ஒரு கதிர் நீண்டு நின்றது.

சிஜோ லேப்டாப் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். மத்தியான மழை செல்போன் டவர் அறையின் தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. சூடேறிய வயரின் வாடையோடு, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் மீன் கவிச்சியும் கதவிடுக்கு வழியாக ஏறி வந்தது. மேலே உள்ள பலகையில் அறுபத்துநாலு குட்டி ஆன்டெனா. எதுவும் அசையாது. ஒவ்வொன்றும் அலையைத் துளி முந்தியோ பிந்தியோ விடும். போன் இருக்கிற பக்கம் எல்லாம் கூடிக் கதிராகும். இன்னொரு பக்கம் ஒன்றையொன்று அழித்து, அங்கே டவரே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

கோயில் திருவிழா அன்று கூட்டத்துக்கு சிக்னல் பத்தவில்லை. இன்றைக்கு எவன் கடலுக்குப் போகப்போகிறான் என்று சிஜோதான் கடல் பக்கத்து சிக்னலை அடைத்து ஊர்ப்பக்கம் திருப்பினான். மச்சினன் ரதீஷ் போயிருந்தான். கவிழ்ந்த வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பான். ஒன்பது நாளாயிற்று. அடைத்தது யாரென்று ரதீஷின் தங்கச்சி, சிஜோவின் பெண்டாட்டி ஜின்சிக்குத் தெரியாது.

போன் அடித்தது. ஜின்சி.

“இஞ்ச கேளுங்க, அண்ணனுக்கு ரிங் போவுது. உங்க டவர் இண்ணைக்காவது வேலை செய்யுதே.”

திரையில் கதிரின் நுனியில் ஒரு புள்ளி, ரதீஷின் போன். தூரம் ஆயிரத்து நானூறு மீட்டர். ஆயிரத்து முன்னூற்றுத் தொண்ணூறு. ஆள் நடக்கிற வேகம்.

“ஏட்டி, இனி அந்த நம்பருக்கு அடிக்காத.”

“என்ன பேச்சு பேசுதிய? எனக்க அண்ணனாக்கும்.”

அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. புள்ளி அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டியது. மணலைத் தாண்டியது. கதிர் அதன் பின்னாலேயே திரும்பியது. கடற்கரையை ஒட்டிய சிஜோவின் வீட்டில் நின்றது. ஜின்சியின் புள்ளிக்குப் பக்கத்தில்.

“கதவ தட்டுதான்.” தாழ்ப்பாள் சத்தம். கடல் இரைச்சல். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். திருவிழா அண்ணு நீங்க எதுக்கு—”

விரல் பழகிய இடத்துக்குப் போனது. வீட்டுத் திசையை அடைத்தான்.

பேச்சு நின்றது.

மழை மட்டும்.

திரையின் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு திறந்தான்.

வீட்டில் புள்ளி இல்லை. மணலில் இரண்டு. ஒட்டி ஒட்டி. பிறகு கல். பிறகு கடல்.

ஜின்சிக்கு அடித்தான்.

ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது.