நாற்காலி மேல் ஒரு பைன் காய்

"ஹலோ! முதல்ல எந்திரிங்க!"

டாம்சின் போட்ட சத்தத்தில், ஊர்ஜனம் பார்க்கத் திறந்துவிட்ட அந்தப் பழைய மாளிகையின் வரவேற்பறையே திடுக்கிட்டது. பின்னே? இருநூற்றைம்பது வயது நாற்காலி! யாரும் உட்காரக் கூடாது என்றுதானே அதன் மேல் முள்முள்ளாய் ஒரு பைன் மரத்துக் காய் வைத்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்த கோட்டோடு சாவகாசமாய்ச் சாய்ந்திருக்கிறான் ஒருவன்...

"மன்னிச்சுக்குங்க... பழக்க தோஷம்."

"என்ன பழக்கம்? உங்க வீட்டு நாற்காலியா இது?"

அவன் சிரித்தான். மழை வானத்தின் சாம்பல் நிறத்தில் கண்கள்... ஐயோ, இவ்வளவு நேரமா ஒருத்தனைப் பார்ப்பது? டாம்சின் அவசரமாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். பெயர் ஹ்யூகோ என்றான். அதற்கடுத்த சனியும் வந்தான்.

"இந்த விளக்குக்கு எத்தனை வயசு?"

"போன வாரமே சொன்னேனே!"

"மறந்துட்டேன். மறுபடி சொல்லுங்க..."

வாரம் முழுக்கத் தபால் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை மட்டும்தான் வருகிறவர்களுக்கு இந்த மாளிகையைச் சுற்றிக் காட்டும் சேவை. ஆனால் டாம்சினின் மனசு இப்போதெல்லாம் திங்கட்கிழமையே இங்கே வந்துவிடுகிறது.

நான்காம் வாரம் குட்டு வெளிப்பட்டது. மாளிகை வளாகத்து டீக்கடை மார்ஜரிதான் சொன்னாள். "அடியே, அவன் யாருன்னு தெரியுமா? இந்த வீட்டை டிரஸ்ட்டுக்குக் குடுத்துட்டுப் போன குடும்பத்துப் பையன். இங்கேயே பொறந்தவன்!"

டாம்சினுக்கு முகம் சுட்டது. அவன் வீட்டைப் பற்றி அவனுக்கே பாடம் எடுத்திருக்கிறாள்!

"என்னை வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?" என்று அன்று வந்து நின்ற ஹ்யூகோவிடம் பாய்ந்தாள்.

"இல்ல டாம்சின், நான் வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் இருக்கற அறைக்கு இனிமே வராதீங்க!"

அடுத்த சனி அவன் வரவில்லை. இன்று அக்டோபரின் கடைசி சனி. இன்று மாளிகையைப் பூட்டினால் குளிர்காலம் கழிந்து மார்ச்சில்தான் திறப்பார்கள். அவன் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை... எல்லாம் இந்த வாயால் வந்த வினை!

மூடும் நேரம். நாற்காலிக்குத் துணி போர்த்தப் போனவள் திகைத்தாள். பைன் காயைக் காணோம்!

மழையில் நனைந்தபடி மார்ஜரியிடம் சொல்ல ஓடினாள். பழைய குதிரை லாயத்து டீக்கடையில் நிற்க இடமில்லை. மூலையில் ஒரே ஒரு நாற்காலி காலி... அதன் மேல் பைன் காய். பக்கத்தில் ஹ்யூகோ!

"திருடா! எப்ப எடுத்தீங்க?"

"இப்பதான், நீங்க மாடி ஜன்னலைச் சாத்தப் போனப்ப. நீங்க இருக்கும்போதுதானே வரக் கூடாது?" அவன் குரல் தணிந்தது. "முதல் நாளே சொல்லியிருக்கணும், தப்புதான். சின்ன வயசுல இந்த வீடுன்னாலே எனக்குக் குளிரும் சண்டையும்தான். நீங்க சொல்லிக் கேட்டப்பதான் இது அழகான வீடுன்னே தெரிஞ்சுது. அப்புறம் வீட்டைப் பாக்க வரலை டாம்சின்... உங்களைப் பாக்கத்தான் வந்தேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

டாம்சின் பைன் காயை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை மட்டும்தான் வருவீங்களா?" என்று கேட்டாள்.