முகம் இல்லாமல் வந்த ஆள்

மாலை 4.20. அலமாரி இருந்தது, நகைப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இருக்க வேண்டிய முத்துமாலைதான் இல்லை.

வீட்டில் நான்கு பேர். கட்டிலில் தையல் மாஸ்டர், வயது எழுபத்தொன்பது. மூன்று வருடமாக நடுப்பார்வை போய், எதிரே நிற்பவர் முகமே தெரியாதவர். அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகள். வருடத்துக்கு ஒரு தடவை விமானத்தில் வந்து இறங்கி, நான்கு நாள் இருந்து, நல்ல பெயரையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும் இளைய மகள். பகலில் மட்டும் வேலைக்கு வரும் நர்ஸ். முத்துமாலை, மாஸ்டரின் காலமான மனைவியுடையது. அது இளையவளுக்குத்தான் என்று நேற்றுதான் மாஸ்டர் வாய் திறந்து சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதும், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவின் வயிற்றில் ஒரு பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. அவருக்கும் ஒரு தம்பி உண்டு. அம்மாவுக்கு மருந்து வாங்குவது இவர். மாதத்துக்கொரு போன் போட்டுத் தங்கப்பிள்ளை ஆனவன் அவன். ஸ்டேஷனில் இவருக்கு மோப்பக்காரி என்று பட்டப்பெயர். மற்ற குற்றம் எப்படியோ, பொறாமையை மோந்து பிடிக்க இவருக்கு நாய் தேவையில்லை.

4.35. இளைய மகள்.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"மதியம் ரெண்டு மணிக்கு, மேடம். நர்ஸ்தான் எடுத்துக் குடுத்தாங்க. போட்டுப் பாத்தேன். திரும்ப அவங்களே கொண்டுபோய் வச்சாங்க. நாலு மணிக்கு எடுத்துட்டு வரச் சொன்னா, பெட்டி காலின்னு வந்து நிக்கறாங்க."

"நீங்க ஏன் போய் எடுக்கல?"

"அலமாரி அப்பா ரூம்ல இருக்கு. யார் யாரோ நிக்கறாங்கன்னு அப்பா சொல்றாரு. எனக்கு பயம். வாசப்படி தாண்டறதில்ல."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு? நர்ஸ்தான். அவங்கள நீங்க கூட்டிட்டுப் போங்க. அப்பாவுக்கு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மனநல விடுதியிலேர்ந்து வண்டி வருது. இல்லாத ஆளுங்களப் பாக்கற மனுஷன வீட்ல வச்சுக்க முடியுமா?"

பின்னால் நின்ற மூத்தவள் முகம் சுருங்கியது. "வேணாம்னு சொன்னேன்ல?"

"நீ ஒண்டியா என்னக்கா பண்ணுவ?"

4.50. மாஸ்டரின் அறை. நர்ஸின் குரல் நடுங்கியது, பேச்சு நடுங்கவில்லை.

"மூணு மணிக்குக் கண் சொட்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வர்றப்ப மூணே முக்கால். பில்லு இருக்கு."

கூட வந்த ஏட்டு பில்லைப் பார்த்தார். நேரம் 3.24. கடை இருபது நிமிட நடை. ஆனால் ரெண்டு மணியிலிருந்து மூன்று வரை இவள் இங்கேதானே இருந்தாள்? பில் அவளைப் பாதிதான் காப்பாற்றியது.

பேச்சுக்கு நடுவில் மூத்தவள் டீயோடு உள்ளே வந்தாள். தலையணைமேல் தூக்கி வைத்திருந்த அப்பாவின் வெறுங்கால்களைப் பார்த்தாள். போகிற போக்கில் போர்வையை அவற்றின்மேல் இழுத்துவிட்டாள். நர்ஸ் உடனே விலக்கினாள்.

"வீக்கத்தைப் பாக்கணும், மூடாதீங்கன்னு நூறு தடவ சொல்லியாச்சு."

"அவருக்குக் கால் குளிரும். எனக்குத் தெரியாதா? நேத்து வந்தவங்க சொல்லித்தான் தெரியணுமா?"

தங்கைமேல் மட்டுமில்லை, நர்ஸ்மேலும் புகைச்சல் உண்டு என்று மோப்பக்காரி மனதில் குறித்துக்கொண்டார்.

5.05. மாஸ்டர்.

"இன்னிக்கு யார் யார் வந்தாங்க, மாஸ்டர்?"

அவர் சிரித்தார். "கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லம்மா. காலைல ஒருத்தி, பச்சைக் கவுன். முன்னால ஏழு பொத்தான், ஆறாவதுக்கு மட்டும் நூல் வேற நிறம். அப்புறம் குட்டையா ஒருத்தன். கோடு போட்ட கோட்டு, தோள்பட்டையில கோடு சேரல. எந்த மகராசன் வெட்டினானோ. பேச மாட்டாங்க. கண்ண மூடித் தொறந்தா போயிடுவாங்க. இல்லாதவங்கன்னு எனக்கே தெரியும்."

"மதியம்?"

"கடிகாரம் மூணரை அடிச்சப்போ ஒண்ணு வந்துச்சு. அதுதான் சரியாவே தெரியல. முகம் இல்ல. என்ன துணின்னுகூட சொல்ல முடியல, சாம்பல் மூட்டை மாதிரி. யாருன்னு கேட்டேன், பதில் இல்ல. அலமாரிகிட்ட நின்னுச்சு. போறப்ப போர்வைய என் கால்மேல இழுத்து விட்டுட்டுப் போச்சு."

வாசற்படியில் நின்ற இளையவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேய் வந்து போர்வை போத்திவிட்டுதாம். எழுதிக்குங்க மேடம்."

"நான் எப்படித் தெரியறேன், மாஸ்டர்?"

"தப்பா நெனச்சுக்காதீங்க. காக்கி நிறத்துல ஒரு கலங்கல். குரல வச்சுத்தான் பொம்பளைன்னு கண்டுபிடிச்சேன்."

5.30. கண் டாக்டருக்குப் போன்.

"மாஸ்டருக்குப் புத்தி பேதலிச்சிருக்கா, டாக்டர்?"

"இல்லவே இல்ல. வயசானவங்களுக்கு இல்லாதது தெரிஞ்சா அதுக்கு நிறையக் காரணம் உண்டு. மூத்திரத்துல கிருமி, உடம்புல உப்புச்சத்து குறையறது, தூக்க மாத்திரை, சளி மாத்திரை, மறதி நோய், நடுக்க வாதம். ஒண்ணு விடாம பாத்தாச்சு. இவருக்கு அதெல்லாம் இல்ல. விழித்திரை நடுவுல தேஞ்சிடுச்சு. கண்ணு அனுப்பாத படத்த மூளை தானே வரைஞ்சுக்குது, அவ்ளோதான்."

"அந்தப் படம் பேசுமா? தொடுமா?"

"இந்த வகையில வெறும் காட்சிதான். சத்தம் கிடையாது, தொடுகை கிடையாது. மூத்த பொண்ணுகிட்ட விவரமா சொல்லியிருக்கேனே."

இன்ஸ்பெக்டரம்மா போனை வைத்துவிட்டு, எல்லாரையும் கூப்பிடச் சொல்லி ஏட்டை அனுப்பினார்.

6.00. எல்லாரும் மாஸ்டரின் அறையில். இளையவள் மட்டும் வாசற்படியில்.

"இந்த வீட்ல நடந்ததுக்கு ஒரு சாட்சி இருக்காரு. பைத்தியம்னு சொல்லி அவர் வாய அடைச்சுட்டீங்க," என்று இன்ஸ்பெக்டரம்மா ஆரம்பித்தார். "மாஸ்டருக்கு இல்லாதவங்க பொத்தான் நூல் வரைக்கும் தெரியறாங்க, ஏன்னா அது மூளை வரையற படம். இருக்கறவங்க கலங்கலாத் தெரியறாங்க, ஏன்னா அது கண்ணு அனுப்பற படம். மூணரைக்கு வந்த ஆளுக்கு முகம் இல்ல, ஆனா போர்வையத் தொட்டு இழுத்திருக்கு. அப்போ அது நிஜமான ஆள்."

ஏட்டு நோட்டில் 3.30 என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"மூணரைக்கு நர்ஸ் மருந்துக்கடையிலேர்ந்து வந்துகிட்டிருந்தாங்க. அதுவுமில்லாம, கால மூடக் கூடாதுன்னு சண்டை போடறவங்க போர்வைய இழுத்து விடுவாங்களா? சின்னவங்களுக்கு இந்தப் படிய தாண்டவே பயம். திருட வந்த இடத்துல, போற அவசரத்துலயும் அப்பாவுக்குக் கால் குளிருமேன்னு ஒருத்தருக்குத்தான் தோணும்." அவர் மூத்தவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பழக்கம்தான் உங்களக் காட்டிக் குடுத்துடுச்சு."

மூத்தவள், கழுத்தை மூடிய ரவிக்கைக்குள் விரலை விட்டு மாலையை வெளியே இழுத்தாள். இரண்டரை மணி நேரமாக அதைப் போட்டுக்கொண்டுதான் டீ போட்டிருக்கிறாள்.

"நான் திருடின்னு நின்னேன். பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"இருந்தேன். மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல." மாலையைக் கழற்றித் தங்கையின் கையில் திணித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "அவ வந்தா வீடு விளக்கு போட்ட மாதிரி ஆயிடுது உங்களுக்கு. அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். எங்கேயும் இல்லாத ஒருத்தியோட ஆறாவது பொத்தான் தெரியுது. தினம் மூணு வேளை எதிர்ல வந்து நிக்கற நான் சாம்பல் மூட்டை. இல்லாதவங்க மேலயும் எனக்கு எரியுதுப்பா. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா எரியுது."

மாஸ்டர் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். "சின்னவளுக்கு இந்த வீட்ல ஒண்ணும் இல்லையேன்னுதான் மாலைய குடுத்தேன். உனக்குத் தனியா எத எடுத்துக் குடுக்கறது? எல்லாம் உன்னுதுதானே. நானும்தான்."

"அத ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் கை அவள் தலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஏட்டு நோட்டை மூடினார். நர்ஸ், கால் வீக்கத்தைப் பார்ப்பதை விட்டு, கதவுப் பக்கம் திரும்பி நின்றாள்.

இளையவள் விடுதிக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்று சொன்னாள். புகாரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பிறகும் வாசற்படியிலேயே நின்று, கட்டிலில் இருந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துமாலை அவள் கையில் இருந்தது. இப்போது எரிவது அவள் வயிறு என்பது மோப்பக்காரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.