யாகப்பரின் துவக்குக்கு ஒரு குழல்

அறுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று துவக்குக் குழல்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மன்னாரிலிருந்து சிலாவத்துறை பஸ்ஸில் ஏறினேன். நறுவிலிக்குளம் யாகப்பர் ஆள் அனுப்பியிருந்தார். வேட்டைத் துவக்கின் குழல் பழுதாம், வீட்டுக்கே வந்து மாற்றித் தரவேண்டுமாம். துவக்கைப் பட்டறைக்குக் கொண்டு வருவதுதான் வழக்கம். பெரிய மனிதர்களுக்கு வழக்கம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

நான் அப்துல் றசாக். மன்னார் பட்டினத்தில் துவக்கு, துப்பாக்கி எல்லாம் திருத்துகிறவன். எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் கொஞ்சம் நீளம். வேலையில் மட்டும் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த நாட்களில் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. என் தங்கை சரீபாவின் புருசன் தாவூது, ஊர் ஊராகப் போய்த் தேன் வாங்கி விற்கிறவர், முந்தின வருடம் தையில் புறப்பட்டுப் போனவர் திரும்பவில்லை. வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. நானும் நம்பினேன். ஓடிப்போனவனுக்காக அழாதே என்று தங்கையின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "மய்யித்தைக் காணாம நான் இத்தா இருக்க மாட்டன் நானா" என்றாள் அவள். உடலைக் காணாமல் விதவையின் துக்கக் காலம் இருக்க மாட்டாளாம். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று என் வீட்டில் இருந்தாள்.

யாகப்பரின் வீடு குளக்கட்டுக்குக் கீழே, வயல் ஓரத்தில் தனியாக நின்றது. பழைய கல்வீடு. சுவரெல்லாம் ஈரம். நெல் கதிர் விட்டிருந்த காலம், காட்டுப் பண்டிகள் பாதி வயலை உழுது போட்டிருந்தன. உச்சி வெயிலில்கூட அந்த வீட்டுக்குள் சேற்று வாடை அடித்தது.

"வாங்கோ நானா, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். முன்பு பார்த்ததைவிட நன்றாக இளைத்திருந்தார். மனைவி பிரான்சிஸ்கா மூன்று மாதமாகத் தாழ்வுபாட்டில் தாய் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

துவக்கு வீட்டுக்குள் இல்லை. மாட்டுக் கொட்டிலில், கூரை வளையில், தலைகீழாகத் தொங்கியது. குழலின் வாயைத் துணியால் அடைத்து, மேலே தார் பூசியிருந்தார்.

"இதென்ன வேலை?"

"எறும்பு போகுது" என்றார். "பழசை நீங்களே கொண்டு போங்கோ. எனக்கு வேண்டாம். வேற ஒண்டைப் பூட்டினால் காணும்."

கொட்டில் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தேன். குழலைக் கழற்றினேன், தாரைச் சுரண்டித் துணியை இழுத்தேன். குளத்தடிச் சேற்று நாற்றத்தோடு இன்னொரு நாற்றமும் வந்தது. இறைச்சிக் கடை வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும்.

குழலை நாங்கள் மூன்று விதமாகப் பார்ப்போம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்போம். நூலில் தொங்கவிட்டுத் தட்டி ஓசை கேட்போம். கடைசியில் வாய் வைத்து ஊதுவோம்.

வெயிலுக்கு நேரே பிடித்தேன். இரண்டு பக்கமும் திறந்திருந்தும் உள்ளே இருட்டு.

நூலில் கட்டித் தட்டினேன். ஓசை இல்லை.

அடைப்பு இருக்கும் என்று நினைத்து, வாய் வைத்து ஊதினேன்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி ஊதினார்கள்.

ஈர மூச்சு. என் பல்லில் மண் ஒட்டியது.

"மச்சான்... தண்ணி..."

அந்தக் குரலோடு பத்து வருடம் ஒரே சகன் தட்டில் சோறு தின்றிருக்கிறேன். குழல் கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். யாகப்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களோடையும் கதைக்குதோ?" என்று மெல்லக் கேட்டார். அவர் முகத்தில் பயம் குறைந்து ஒரு ஆறுதல் வந்ததைப் பார்த்தேன். அதை நான் மன்னிக்கவே இல்லை.

"தாவூது எங்க?"

கொட்டில் தூணில் சாய்ந்தார். பிறகு மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பண்டிக்கு என்று குளக்கட்டு வழியில், கயிற்றில் கால் தட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்கு கட்டினாராம். விடியப்புறம் வெடி கேட்டுப் போனாராம். விழுந்து கிடந்தது பண்டி இல்லை.

"தொடையிலை பட்டிருந்தது. உயிர் இருந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போனால் பொலிசு வரும். நான் பக்கத்திலை குந்தியிருந்தனான்."

"தண்ணி கேட்டாரா?"

"ஓம்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தால் சாகாமல் கன நேரம் இருப்பார்" என்றார் யாகப்பர்.

சுத்தியல் என் கையில் இருந்தது. அடித்திருக்கலாம். அடித்தால் என் தங்கைக்கு என்ன கிடைக்கும்? அவளுக்கு வேண்டியது ஒரு மய்யித்து. ஒரு எலும்பாவது.

"எங்க புதைச்சிருக்கீங்க?"

அவர் சாக்கைக் காலால் காட்டினார். "நல்லதாப் பாத்துப் பூட்டுங்கோ. சுட்டுப் பாப்பம். பிறகு இடத்தைச் சொல்லுறன்."

சாக்கை அவிழ்த்தேன். முதல் குழல் அவருடைய துவக்குக்குப் பொருந்தாது. இரண்டாவதைத் தட்டினால் ஓசை அடியில் பிசிறியது, தோட்டா இருக்கும் இடத்தில் மயிரளவு கீறல். பூட்டிக் கொடுத்தால் அன்றைக்கே அவர் முகத்தில் வெடித்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் யோசித்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தேன். இரக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு இடம் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாவது மணிபோல ஒலித்தது. அதைப் பூட்டினேன்.

புதுக் குழலின் முதல் வெடியைக் கையில் பிடித்துச் சுடக் கூடாது. மரக்குற்றியில் துவக்கைக் கட்டி, விசையில் கயிறு போட்டு, தள்ளி நின்று இழுக்க வேண்டும். கட்டும் வேலையை யாகப்பரே செய்தார். நெஞ்சளவு உயரத்தில் கட்டுவதுதான் முறை. அவர் கை தானாக முழங்காலுக்குச் சற்று மேலே கட்டியது. பண்டிக்குக் கட்டிப் பழகிய கை.

தோட்டா போட்டு, பத்து முழம் தள்ளி நின்று கயிற்றை இழுத்தேன்.

டிக்.

மறுபடி இழுத்தேன். டிக்.

"நூறு எண்ணுற வரைக்கும் கிட்டப் போகாதீங்க" என்றேன். அது தொழில் விதி. எதிரிக்கும் சொல்லத்தான் வேண்டும். அவர் கேட்கவில்லை. "நல்லதாப் பாருங்கோ எண்டு சொன்னனான்" என்று திட்டிக்கொண்டே துவக்குக்கு முன்னால் நடந்தார்.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு கையும் வெறுமையாக இருந்தது. சத்தியம் செய்கிறேன்.

தரையில் கிடந்த கயிறு மெல்ல நிமிர்ந்தது.

இழுபட்டது.

வெடி.

யாகப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தார். இரத்தம் அவ்வளவு வேகமாக வரும் என்று நான் நினைத்ததில்லை. அவர் உடுத்திருந்த சாரத்தால் இறுக்கிக் கட்டினேன், நிற்கவில்லை. சுற்றிலும் ஆள் இல்லை, வயலில் காற்று மட்டும்.

"தண்ணி" என்றார்.

கொட்டில் வாசலில் செம்பு இருந்தது. எடுத்து வந்து பக்கத்தில் குந்தினேன்.

"இடத்தைச் சொல்லுங்க."

"முதல் தண்ணி... நானா."

"முதல் இடம்."

அவர் உதடு காய்ந்து வெளுத்தது. கண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. போதும், கொடுத்துவிடுவோம் என்று செம்பைச் சரித்தேன்.

பாயில் கிடந்த பழைய குழல் பேசியது.

"குடுக்காத மச்சான்."

என் கை நின்றது.

"குடுத்தா கன நேரம் இருப்பார்."

நான் கொடுக்கவில்லை. யாகப்பர் செம்பைப் பார்த்தபடியே இறந்தார். இடத்தைச் சொல்லவில்லை.

மரண விசாரணையில், புதுக் குழலைச் சுட்டுப் பார்க்கையில் நடந்த விபத்து என்று முடித்தார்கள். குளக்கட்டை மூன்று முறை இரகசியமாகத் தோண்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தாவூதின் மிச்சம் என்று என்னிடம் இருப்பது அந்தப் பழைய குழல் ஒன்றுதான். எறிய மனம் வரவில்லை. துணி சுற்றிப் பட்டறைக் கூரையில் செருகி வைத்தேன். தங்கையிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் செம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நாற்பது நாள் கழித்து, பட்டறை கூட்டப் போன சரீபா ஓடி வந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"அவர் இருக்கார் நானா. தண்ணி கேட்டார்."

அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு பட்டறையில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துவாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் திறந்தால் செம்பு காய்ந்திருக்கும், அடியில் கொஞ்சம் சேறு. புருசன் ஒருநாள் வாசலால் வருவார் என்று கைக்கு மருதோன்றியும் இட்டுக்கொண்டாள். நான் எப்படித் தடுப்பேன்?

நேற்று அவள் குசினியிலிருந்து இரண்டு செம்போடு வந்தாள்.

"என்னத்துக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒண்டு காணாதாம் நானா" என்றாள். "அவரோட இன்னொருத்தரும் இருக்காராம். உங்கட கையால தந்தாத்தான் குடிப்பாராம்."