மூன்று விரல் இடைவெளி

அவள் இறங்கிய பிறகும் வண்டி எழும்பவில்லை.

முதலில் அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, முதுகெலும்பில் இரண்டு திருகாணி பூட்டிக்கொண்டு வந்திருக்கும் மனைவியைப் பின்சீட்டிலிருந்து மெல்ல எழுப்பி, தோளில் சாய்த்து, வாசற்படி மூன்றையும் ஒவ்வொன்றாக ஏற்றி, முன்னறைக் கட்டிலில் படுக்க வைக்கும்வரை அவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. தலையணைகளை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தான். ஷெட்டின் தகரக் கூரை மத்தியான வெயிலில் டிக் டிக்கென்று நெளிந்துகொண்டிருந்தது. ஆறிக்கொண்டிருந்த எஞ்சின் வாடையும் புது ரப்பர் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. பழக்கதோஷத்தில் குனிந்து, பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்தான். மூன்று விரல்தான் போயிற்று. நான்கு போக வேண்டும்.

காலி வண்டிக்கு நான்கு விரல், அவள் பின்சீட்டில் படுத்திருந்தால் மூன்று. இது அவனுக்கு மனப்பாடம். இரண்டு மாதமாக வேறு எதையும் அவன் நினைத்ததில்லை.

பத்தொன்பது வயதான அந்தச் சின்னக் கார் பள்ளம் என்றால் பள்ளம், மேடு என்றால் மேடு என்று ஒன்று விடாமல் முதுகுக்குச் சொல்லிவிடும். ஆபரேஷன் முடிந்து வரும் வழியில் ஒரு குலுக்கல் போதும், திருகாணி நகர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே இவன் முடிவெடுத்துவிட்டான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். மயிரிழை அளவெல்லாம் அவனுக்குச் சாப்பாடு மாதிரி. நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றினான், மெத்தென்ற புது ஸ்பிரிங் போட்டான், இரும்பு மூட்டுகளில் தேய்ந்து போன ரப்பர் புஷ்களையெல்லாம் பிடுங்கிப் புதிது வைத்தான். அவள் எடை ஐம்பத்து நான்கு கிலோ. அதே எடைக்கு மணல் மூட்டை கட்டிப் பின்சீட்டில் நீளவாக்கில் படுக்க வைத்து, ஷாக்கின் திருகை ஒரு கிளிக் கூட்டி ஒரு கிளிக் குறைத்து, தினமும் சாயங்காலம் ஊரைச் சுற்றினான்.

"மூட்டைக்குத் தலையணையெல்லாம் வக்கிறீங்க. எனக்கு என்னைக்காவது வச்சிருக்கீங்களா?" என்று அவள் ஜன்னல் வழியே கேட்பாள். பிறகு அவளே, "என்ன பண்றது, பேய்க்கு வாக்கப்பட்டா முருங்கை மரம் ஏறித்தானே ஆகணும்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வலியிலும் வாய் ஓயாதவள். அந்த வாய்க்காகவே அவளைக் கட்டிக்கொண்டவன் இவன்.

வரும் வழியில் அவனுக்குப் பயமெல்லாம் ஒரே இடத்தில்தான், ரயில்வே கேட். நான்கு தண்டவாளம், நடுவில் பெயர்ந்த கற்கள். நடக்கும் வேகத்தில் ஏற்றினான். முன்சக்கரம் இறங்கி ஏறியது, பின்சக்கரம் இறங்கி ஏறியது, உள்ளே ஒன்றுமே நடக்காதது போல வண்டி வெண்ணெயாக வழுக்கிக் கடந்தது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பாத்தியா? ஒண்ணுமே தெரியலல்ல?" என்றான். பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அது பதிலா, வலியா, வெறும் மூச்சா என்று அவன் யோசிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்பிரிங் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மீதி வழியை ஓட்டினான். வீடு வரும்வரை அவள் பேசவில்லை, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது மூன்று விரல்.

குண்டூசிக்குப் போன் போட்டான். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருந்ததால் மெக்கானிக்குக்குக் கிடைத்த பெயர் அது. அவரே போர்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

"வண்டியை ஜாக்கியில தூக்கி வச்சே புஷ் போல்ட்டை இறுக்கியிருப்பே தம்பி. நாலு சக்கரமும் தரையில நின்னாத்தான் இறுக்கணும். இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு வண்டி எழும்பாது" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. அந்தத் தப்பை அவன் செய்திருக்கக்கூடியவன்தான். அன்று சாயங்காலமே ஷெட்டில் மல்லாந்து படுத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை நான்கு தரம் அமுக்கி ஆட்டி, மறுபடி இறுக்கினான். அடியில் படுத்திருந்தபோது, தலைக்கு மேலே சீட்டின் கம்பி ஒன்று கிறீச்சிட்டது. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் வரும் சத்தம். கையை நிறுத்திக் கேட்டான். தகரம் டிக்கென்றது. அவ்வளவுதான். வெளியே வந்து விரல் வைத்தான். மூன்று.

வீட்டுக்குள் மனைவி அவன் விட்டுப்போன இடத்திலேயே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தலையணை சரியில்லை, ஃபேன் சத்தம் தாங்கலை, மாத்திரை கசக்குது என்று ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது. பக்கத்தில் உட்கார்ந்தான். யார் உட்கார்ந்தாலும் ஊரைக் கூட்டும் அந்தப் பழைய இரும்புக் கட்டில் அவனுக்கு மட்டும் ஒரு தரம் அலறியது. மத்தியானம் அவளைப் படுக்க வைத்தபோது அது வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"வலிக்குதா?"

"இல்லையே."

"கோபமா?"

"எதுக்கு?" என்றாள், சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குண்டூசி வந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைக்கும் நான்கு எடை மிஷின்களும், அவற்றைக் கூட்டிச் சொல்லும் சின்னப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். போன மாதம் அதே மிஷினில் காலி வண்டி எழுநூற்று நாற்பத்திரண்டு கிலோ. இப்போது எழுநூற்றுத் தொண்ணூற்றாறு.

"டிக்கியில என்ன வச்சிருக்கே?"

ஸ்டெப்னியை எடுத்தார்கள். ஜாக்கியை எடுத்தார்கள். மிதியடி, தண்ணீர் பாட்டில், பழைய ரசீதுக் கட்டு வரைக்கும் தரையில் பரப்பினார்கள். எடுத்ததற்கெல்லாம் தக்கபடி எடை குறைந்தது, கூடுதலாக இருந்த ஐம்பத்து நான்கு கிலோ மட்டும் போகவில்லை. குண்டூசி பின்கதவைத் திறந்து காலிச் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார், குழந்தை தூங்கும் அறைக்கதவைச் சாத்துவது போல.

"மிஷின்தான் தப்பாக் காட்டுது போல" என்றார்.

"இருங்கண்ணே, டீ போடறேன்."

"வேணாம் தம்பி. வேலை கிடக்கு." எதற்கும் அசையாத மனிதர். மிஷின்களைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அவன் போகவில்லை. எங்கே போவான்? பத்து நிமிஷம் கட்டிலருகே, பத்து நிமிஷம் ஷெட்டில் என்று நடந்துகொண்டே இருந்தான். மத்தியானம் பெட்டியைப் பார்த்தபோது எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. ஒன்றும் எடுக்கவில்லையே என்று பின்கதவைத் திறந்து குனிந்தான். சீட்டு மெத்தையில் நீளமாக ஒரு பள்ளம். அவள் தலை வைத்திருந்த பக்கம் ஒன்று, இடுப்பு இருந்த பக்கம் கொஞ்சம் ஆழமாக இன்னொன்று. கையை அந்தப் பள்ளத்துக்கு மேலே நீட்டினான். சூடு. வெயில் படாத சீட்டில், உடம்புச் சூடு. கையை இழுத்துக்கொண்டான். அந்தச் சூட்டில் ஆஸ்பத்திரி மருந்து வாடையும், அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாடையும் இருந்தன.

"நீயா?" என்றான். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியின் பின்பக்கம் மெல்ல ஒரு தரம் இறங்கி, எழுந்து, நின்றது. ஒரே ஆட்டம், அப்புறம் அசைவே இல்லை. இரண்டு மாதம் திருகித் திருகி அவன் கொண்டுவந்த பதம் அது. ஒரு தலையசைப்பு எப்படியோ அப்படி இருந்தது.

அவன் ஷெட்டின் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். ரயில்வே கேட்டில் அவள் கூப்பிட்டிருக்கிறாள். தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவனோ ஸ்பிரிங்கைக் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே அவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது, அவளை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேறு எதையோ தோளில் சாய்த்துப் பத்திரமாகப் படியேற்றி வீட்டுக்குள் படுக்க வைத்திருக்கிறான். இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் எடை அவனுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்புக் கட்டில். லேசாக, தொண்டையைச் செருமுவது போல.

எழுந்து பெட்டியைப் பார்த்தான். காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம் நாற்பத்து நான்கு.

அன்று மூன்று மணிக்கு முப்பத்து ஆறு. கட்டில் இன்னொரு தரம் முனகியது. நாலு மணிக்கு இருபத்து ஒன்பது. மருந்து கொடுக்க உள்ளே போனபோது அவள் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது, காலையில் வழவழவென்று இருந்த தலையணையில் இப்போது கன்னம் அழுந்திய தடம் இருந்தது. நல்லாத்தானே தேறி வருகிறாள், இதற்குப் போய்ப் பயப்படுகிறோமே என்று ஒரு நொடி மனசு சொன்னது. அப்போது அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"எது?"

மாத்திரையை வாங்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.

அவன் வெளியே ஓடினான். பதினான்கு. வானம் மூடிக்கொண்டு வந்தது, ஷெட்டுக்குள் வெளிச்சம் மங்கியது. பின்சீட்டின் பள்ளம் ஆழம் குறைந்து, மெத்தை மேலே வந்துகொண்டிருந்தது. தலைப்பக்கத்துப் பள்ளம் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. சூட்டைத் தேடிக் கை வைத்தான். வெதுவெதுப்பு. இது முழுக்கப் போய்விட்டால் அவள் எங்கேயும் இருக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக வேண்டும், வந்த வழியே, அந்தக் கேட்டைத் தாண்டி, மிச்சம் இருப்பதையாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போய் யாரிடம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. போக வேண்டும், அவ்வளவுதான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. இந்தத் தடவை நான் கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றான் காலிச் சீட்டிடம்.

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். வண்டி அவன் எடைக்கு அவன் பக்கம் சாய்ந்து கொடுத்தது. சாவியைத் திருகினான். எஞ்சின் பிடித்தது.

வீட்டுக்கதவு திறந்தது.

ஆறு வாரம் தனியாக எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னவள் படியிறங்கி வந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முதல் படியில் ஒரு அடி. கனமாக. இரண்டாம் படி. மூன்றாம் படியில் வாசல் ஜன்னலின் கண்ணாடி அதிர்ந்தது.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மெத்தை சமமாக இருந்தது. பள்ளம் இல்லை. பின்பக்கம் மெல்ல மேலே எழுந்து நின்றது. நான்கு விரல். பார்க்காமலே தெரிந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. அவள் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் இறங்கியது. ஐம்பத்து நான்கு கிலோவுக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. அங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. சக்கரம் மட்கார்டைத் தொட்டது. ரப்பர் தேய்ந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். அவள் குரல்தான். சிரிப்புகூட அவளுடையதுதான்.

அவன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நானும் வரேன்" என்று அவன் கைமேல் கை வைத்தாள். நல்ல சூடு.

அவன் உட்கார்ந்திருக்கும்போதே, ஆள் இறங்கிவிட்டது போல அவன் பக்கம் எழும்ப ஆரம்பித்தது.

மெதுவாக. குலுக்கல் இல்லாமல். அவன் திருகி வைத்த அதே பதத்தில். ஒரு விரல். இன்னும் ஒரு விரல். முதுகுக்குக் கீழே சீட்டு மெத்தை உப்பி மேலே வந்தது. சட்டை உடம்பைத் தொடவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். விரல்கள் அதன்மேல் இருந்தன, கைப்பிடி அசையவில்லை.

பக்கத்தில் ஸ்பிரிங் இன்னொரு வளையம் மூடியது.

பின்னால் எடுக்க வேண்டும். இறங்கி ஓட வேண்டும். ஏதாவது. காலைத் தூக்கி கிளட்சின் மேல் வைத்தான். மிதித்தான். எழுந்து நின்றே மிதித்தான்.

கிளட்ச் இறங்கவில்லை.