சின்ன மேடு

மச்சான் பனுவேலைக் கூட்டிப் போக யோனா வந்தபோது நல்ல உச்சி வெயில். பனுவேல் மாமரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். தலை முதல் கால் வரை பச்சைக் கிளைகள் மூடியிருந்தன. எவனோ வேலை மெனக்கெட்டுக் கேலி செய்திருக்கிறான் என்று யோனாவுக்குச் சிரிப்பு வந்தது.

"எந்திரி மச்சான். ஆடு வந்து உன்னை மேஞ்சிரப் போகுது."

கிளைகளை விலக்கினான். பனுவேலின் கண்ணிலும் வாயிலும் மண்.

உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

அவை மொப்பானிக் கிளைகள். ஊருக்குள் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது, லுவாங்வா ஆற்றுக்கு அக்கரையில்தான் உண்டு. காலையில் பெருக்கிய முற்றத்தில் விளக்குமாற்றுக் கோடுகள் கலையவே இல்லை. யோனாவின் காலடியைத் தவிர ஒரு தடம் இல்லை.

நெஞ்சுவலி என்றது ஊர். யோனா நம்பவில்லை. சில நாள் முன்பு அக்கரையில் அவனும் பனுவேலும் ஒரு பெண் யானையைச் சுட்டுத் தந்தங்களை வெட்டி எடுத்திருந்தார்கள்; அந்தக் காட்டில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. அதற்குள் கூட்டம் வந்துவிட, மரத்தில் ஏறி ஒளிந்துகொண்டார்கள். யானைகள் செத்தவளைத் தும்பிக்கையால் தடவின. முதலில் கிளைகளை ஒடித்துப் போட்டு மூடின, அப்புறம் மண்ணை வாரி இறைத்தன. தங்கள் பிணத்துக்கு அவை அப்படித்தான் செய்யும். எல்லாம் போன பிறகும் பால்குடி மறக்காத குட்டி மட்டும் நகரவில்லை. பனுவேல் அதைக் கல்லால் அடித்துச் சிரித்தான். யோனாவும் சிரித்தான், அதை ஏன் மறைப்பானேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்லிவிடுகிறோம். இறந்த யானை திரும்பி வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவைத்தவர் யாருமில்லை.

தந்தம் ஆளுக்கொன்று. யோனாவின் பங்கு அவன் கட்டிலுக்கடியில் புதைந்திருந்தது. அண்ணன் பனுவேலைப் புதைத்துவிட்டு வந்த மலித்தா புருஷன் யோனாவிடம் அழாமல் சொன்னாள்.

"ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க."

"உங்கண்ணனோடதைப் போட்டுடறேன். என்னோடது வேணும்னா அது என்கிட்டயே வந்து கேக்கட்டும்."

"உங்ககிட்ட கேக்காது," என்றாள் மலித்தா.

அவனுக்குத் தகரக் கூரை போட்ட வீடு வேண்டும். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? ஒரே ஒரு தந்தத்தோடு ஓடம் ஏறினான்.

அக்கரையில் அந்த மேடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, சின்ன மேடு. இலைகூட வாடவில்லை. இலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் காது நுனி தெரிந்தது.

தந்தத்தை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

வீட்டு முற்றத்தில் மலித்தா சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். மகன் சிசோமோ உள்ளே தூங்குகிறான் என்று கண்ணாலேயே காட்டினாள். யோனா உள்ளே போனான்.

பச்சிலை வாடை. கூடவே, யானை நின்ற இடத்தின் புளித்த வாடை.

கட்டிலில் ஒரு சின்ன மேடு.

கிளைகளைப் பிய்த்து எறிந்தான். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. உடம்பில் சூடு இருந்தது. பெற்ற வயிறு மட்டுமா பதறும், அவன் அப்படியே அள்ளி அணைத்துக்கொண்டான். சிசோமோ கண்ணைத் திறந்து, ரகசியம் போலக் காதில் சொன்னான்.

"அப்பா, அது திரும்பி வரும். மண்ணு எடுக்கப் போயிருக்கு."

தந்தத்தை இப்போதே அக்கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். பிள்ளையை இறக்காமலே கட்டிலைப் புரட்டித் தள்ளினான்.

குழி திறந்து கிடந்தது. தந்தம் வெள்ளையாக அதிலேயே இருந்தது.

அதை மூடியிருந்த மண்ணைத்தான் காணோம்.

வாசல் வெளிச்சம் மெல்ல மறைந்தது. யோனா பிள்ளையை அடியில் போட்டு, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

"என்னை எடுத்துக்கோ," என்றான். "இவன் வேண்டாம்."

பிடரியில் சூடாக ஒரு நீண்ட மூச்சு பட்டது. பிறகு, முதுகில் பொலபொலவென்று மண் விழத் தொடங்கியது.

வெளியே மலித்தாவின் உலக்கை நிற்காமல் இடித்துக்கொண்டிருந்தது.