மலை பார்த்த இருக்கைகள்

நடு நிறுத்தத்தில் யாரோ மணி அடித்தார்கள். மலையிலிருந்து ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்த டிராம் நின்றது. ஆனால் யாரும் ஏறவில்லை.

"துரை வீட்டு நாய்ங்க மணி அடிக்கக்கூடக் கத்துக்கிச்சுங்க போல," என்று நடத்துநர் லாம் மூடுபனிக்குள் எட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டான். வண்டியில் இருந்த ஒரே பயணியிடம் திரும்பினான். "சியூ அக்கா, ஏன் கண்ண மூடிக்கிட்டே வர்றீங்க? தல சுத்துதா?"

"இல்லப்பா. அசதி."

அசதி இல்லை, பயம். ஹாங்காங்கின் அந்த உச்சிமேட்டில் வெள்ளைக்காரர்களைத் தவிர வேலைக்காரர்கள்தான் தங்கலாம். துரை வீட்டுப் பின்கட்டு அறையில் சியூவும் குவாயும் ஒன்றாகப் படுத்தவர்கள், கல்யாணமே வேண்டாமென்று ஒரே நாளில் சபதம் எடுத்து, அதன் அடையாளமாகப் பின்னலிட்டுக்கொண்டவர்கள். தினமும் காலையில் ஒருத்திக்கு மற்றவள் தலைவாரிவிடுவாள். முதலில் சாகிறவளுக்கும் மற்றவளே தலைவாரிப் பின்னிவிட வேண்டும் என்பது அவர்களின் பேச்சு. காலையில் காய்ச்சலில் குவாய் போனாள். தொற்றிக்கொள்ளும் என்று துரைசானி, பின்னிவிடக்கூட விடாமல், குவாயை அவிழ்ந்த கூந்தலோடே பாயில் சுருட்டி அனுப்பிவிட்டாள். மாலைக்குள் புதைத்தும் ஆயிற்று. சியூவுக்கு இனி யாருமில்லை. சீப்பு மட்டும் அவள் சட்டைப் பையில் இருந்தது.

அந்த அறையில் தனியாகப் படுக்க முடியாமல் ஊருக்கு இறங்குகிறாள். இழவு வீட்டைவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். இந்தப் பாழாய்ப்போன டிராமிலோ எல்லா இருக்கைகளும் மலையைப் பார்த்தவை. இறங்கும்போதும் விட்டு வந்த வீட்டைப் பார்த்தபடியேதான் உட்கார வேண்டும். அதனால்தான் கண்களை மூடியிருந்தாள்.

மறுபடி மணி. வண்டி நின்றது. முணுமுணுத்துக்கொண்டே லாம் வண்டியின் மேல்முனைக்குப் போனான். வண்டி மறுபடி நகர்ந்தது. கம்பிவடம் இழுபடும் முனகலுக்கும், ஈரமரப் பலகைகளின் கிரீச்சலுக்கும், கழுத்தில் ஊர்ந்த குளிருக்கும் நடுவே மெல்ல ஒரு வாசனை வந்தது. மரச்சீவல் ஊறவைத்த தண்ணீர். குவாய் தினமும் கூந்தலில் தடவுவது.

மேலிருந்து வருகிறாள். பின்தொடர்ந்து வருகிறாள்.

மலைக்கு முதுகைக் காட்டிவிட்டால் போதும். இருக்கையில் அப்படியே திரும்பி, ஊர்ப்பக்கம் பார்த்துக் கண்ணைத் திறந்தாள்.

பின் இருக்கையில் ஒருத்தி. மலையைப் பார்க்கவில்லை. சியூவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவிழ்ந்த கூந்தல். அதில் ஈரமண்.

தினமும் காலையில் செய்வதுபோல, தலையை மெல்லப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.