உப்பு ஏறாத தொட்டி

ஹாலில் பிணம் கிடந்தது.

வாய் பிளந்து... கண்கள் திறந்தபடி... சோபாவுக்கு அடியில் பாதி, வெளியே பாதி. நீளம் ஒரு விரல். நிறம் மஞ்சள்.

"தொட்டியோட வலை மூடியப் போட மறந்துட்டேன், மேடம். துள்ளி வெளிய விழுந்திருக்கு," என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் அம்மா குனிந்து பார்த்தார்.

"காணாமப் போனவங்களைத் தேடி வந்தா, முதல் பிணம் மீனா இருக்கு."

தங்கை சிரிக்கவில்லை. காணாமல் போனது அவளுடைய அக்கா. மூன்று வாரமாக போன் அணைந்து கிடக்கிறது. புகார் கொடுத்தவள் தங்கைதான். அவள் சந்தேகப்படும் ஒரே ஆள், இதோ, பழைய துணியால் மீனை அள்ளிக்கொண்டிருக்கும் அக்காவின் புருஷன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சின்னதா ஒரு வாய்த்தகராறு. காலைல எந்திரிச்சுப் பார்த்தா ஆளைக் காணோம். பையும் இல்ல. கோவம் தணிஞ்சா வந்துடுவான்னு இருந்தேன்."

"இந்தத் தொட்டிய விட்டுட்டா?" தங்கை பாய்ந்தாள். "என் கல்யாணத்துக்கே வந்த அன்னிக்கே திரும்பிப் போனவ மாமா அவ. பவளம் வாடிடும்னு!"

மாமா மீனைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்.

சுவரை அடைத்து நின்றது தொட்டி. நீல விளக்கு. பாறைமேல் பவளங்கள் விரல் விரலாக விரிந்து ஆடின. ஒரு மீன்கூட விடாமல், வெறும் பாறையையும் கடல் தண்ணீரையும் வாரக்கணக்கில் ஓடவிட்டு, தண்ணீர் பக்குவமான பிறகே அக்கா முதல் மீனை உள்ளே விட்டாள். பிள்ளை பெற்றவள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

மாமா மூலையில் இருந்த கேனைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தார்.

"அது என்ன தண்ணி மாமா?"

"கடல் தண்ணிதான். படகுத்துறைலேர்ந்து உங்கக்கா பிடிச்சு வச்சது. மட்டம் இறங்க இறங்க தினமும் நான்தான் ஊத்தறேன். கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும்?"

தங்கை தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

இதே தப்பை ஒரு தடவை அவளும் செய்தாள். அக்கா உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். 'மக்கு! ஆவியாப் போறது வெறும் தண்ணிடி. உப்பு உள்ளேயேதான் இருக்கும். நல்ல தண்ணிய ஊத்து. உப்புத் தண்ணியவே ஊத்திட்டிருந்தா தொட்டி ஊறுகாய் ஜாடி ஆயிடும்!'

மூன்று வாரமாக உப்புமேல் உப்பு. இந்நேரம் பவளமெல்லாம் சுருங்கிச் செத்திருக்க வேண்டும். இங்கேயோ அத்தனையும் ஜம்மென்று இருக்கின்றன.

மாமா செத்த மீனோடு சமையலறைக்குப் போனார். தங்கை சட்டென்று இழுப்பறையைத் திறந்து அக்காவின் உப்பு மீட்டரை எடுத்தாள். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

அக்கா வைத்திருக்கும் அதே அளவு. சொல்லப்போனால் ஒரு மயிரிழை அதிகம்... அதுவும் மாமா இப்போது ஊற்றியதால் மட்டும்.

வாசலில் இன்ஸ்பெக்டரின் காதைக் கடித்தாள்.

"யாரோ வந்து தண்ணிய மாத்திச் சரி பண்றாங்க மேடம். இந்த வேலை தெரிஞ்ச ஒருத்தி. அக்காவைத் தீர்த்துட்டு, அவ இடத்துக்கு மாமா ஆள் கொண்டுவந்துட்டார்."

"மாமா கொண்டுவந்த ஆளா இருந்தா, உப்பு ஊத்தாதய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா?" இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். "அவருக்கே தெரியாம வர்ற ஆளு. உங்ககிட்ட சாவி இருக்கா?"

"அக்கா கொடுத்தது இருக்கு."

மறுநாள் மாமா ஆபீஸ் கிளம்பியதும் இருவரும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

உச்சி வெயில் நேரம். வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

முகத்தைத் துணியால் மூடிய ஒரு பெண். நேராகத் தொட்டிக்கு வந்தாள். குழாய் போட்டு வாளியில் தண்ணீரை இறக்கினாள். மீட்டரைப் பார்த்தாள்.

"பாவி... நேத்தும் உப்பையா கொட்டினான்?"

அந்தக் குரல்!

"அக்கா!"

வாளி கவிழ்ந்தது. தங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுதாள். தோளில் இரண்டு அடியும் வைத்தாள்.

"உயிரோடதான் இருக்கியா? ஐயோ, மாமாவைக் கொலைகாரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!"

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. இன்ஸ்பெக்டருக்கோ எரிச்சல்.

"புருஷன்மேல கோவம்னா எங்களை ஏம்மா நாயா அலைய விட்டீங்க?"

அக்கா அமைதியாகச் சொன்னாள். "அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னைப் பார்த்ததும் அவர் என்ன சொல்றார்னு உள்ள இருந்து கேளுங்க."

"ஏன், நீங்களே சொல்லுங்களேன்?"

"நான் சொன்னா கதை. அவர் சொன்னாத்தான் கேஸ்."

மாமா வந்தார். கதவைத் திறந்தார். தொட்டியருகே முதுகு காட்டி நின்றவள் மெல்லத் திரும்பினாள்.

அவர் கையிலிருந்த பை நழுவியது.

"நீயா... எப்படி... தண்ணிக்குள்ள போயிட்டியே... நான் நின்னு பார்த்துட்டுத்தானே வந்தேன்..."

"எந்தத் தண்ணி மாமா?" படுக்கையறைக் கதவு திறந்தது. தங்கை வெளியே வந்தாள். "கோவிச்சிட்டுப் பையோட போனான்னு சொன்னீங்க?"

அவன் வாசலைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் அங்கே போய் நின்றுகொண்டார்.

"படகுத்துறைல தண்ணி பிடிக்கக் குனிஞ்சேன்," என்றாள் அக்கா. "பின்னாலேர்ந்து தள்ளினான். வேற ஒருத்தி இருக்கா இவனுக்கு. அலை என்னைத் துறைக்கு அடியில இழுத்துட்டுப் போச்சு, இவன் கண்ணுல படல; மீன்பிடிக்கப் போனவங்க தூக்கினாங்க. ஆனா தள்ளினதை யாரும் பார்க்கல. கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சிருப்பான். சமயம் பார்த்துட்டிருந்தேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மூஞ்சிக்கு எதையும் மறைக்கத் தெரியாதுடி. பவளத்துக்கோ காத்திருக்கத் தெரியாது. அதான் திருட்டுத்தனமா வந்துட்டுப் போனேன்."

விலங்கு மாட்டும்போதும் அவனுக்கு ஒரே குழப்பம்.

"உனக்குத்தான் நீச்சலே தெரியாதே... எப்படி மிதந்தே?"

"கையில காலி கேன் இருந்துச்சு. கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவன் முதுகில் தட்டினார்.

"அவசரப்பட்டுட்டீங்களே சார்... கேன் நிறையற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்."